கடலூர், புதுச்சேரி மனநல மையங்கள்: நடத்துபவர் யார், என்ன படித்தவர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பாதிரிப்புலியூரில் குடியிருக்கிறேன். பதினெட்டு ஆண்டுகள் ஒரு நாளிதழில் துணையாசிரியராக இருந்தேன். இப்போது மனநலத் துறையில் இயங்கும் சிறிய தன்னார்வக் குழு ஒன்றுக்கு அறிக்கை எழுதுவதும், நிருபர்களுக்குப் பதில் சொல்வதும், துண்டறிக்கை திருத்துவதும் என் வேலை. நான் மருத்துவம் படித்தவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரும் கேள்விகளில் பாதி இதைப் பற்றியவைதான். வாரத்துக்கு ஓரிருவராவது ஏதோ ஒரு மையத்தின் 'எங்கள் தலைமைக் குழு' பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பி, "சார், இவர் சரியான ஆள்தானா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி ஓய்ந்துபோய் இந்தத் தொகுப்பை எழுதுகிறேன்.

பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டிருக்கிறது. அவர் மருத்துவரா?

அந்தச் சொல்லை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு மனநல மருத்துவத்தில் மூன்றாண்டு எம்.டி. அல்லது டி.என்.பி., இல்லையென்றால் இரண்டாண்டு டி.பி.எம். பட்டயம் முடித்தவர் மனநல மருத்துவர். உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவரும் டாக்டர் என்று எழுதிக்கொள்ளலாம், அதில் தவறில்லை. வணிகவியலில் முனைவர் பட்டம் வாங்கியவரும் அப்படித்தான். மண்டபம் பிடித்துக் கௌரவ டாக்டர் பட்டம் வாங்கியவரும் எழுதிக்கொள்கிறார். ஆகவே பெயருக்கு முன்னால் இருப்பதை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் எழுத்துகளைப் படியுங்கள். எழுத்தே இல்லாமல் 'உலகப் புகழ்பெற்ற மனநல நிபுணர்' என்று மட்டும் இருந்தால் துண்டறிக்கையை மடித்து வைத்துவிடலாம்.

மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், ஆலோசகர்: இவர்களுக்குள் என்ன வித்தியாசம்?

மருந்து எழுதும் உரிமை மருத்துவருக்கு. சோதனைகள் வைத்து மதிப்பிடுவதும், அமர்வு அமர்வாக உட்கார்ந்து பேச்சு வழியே சிகிச்சை தருவதும் மருத்துவ உளவியலாளரின் வேலை. வீட்டுக்கு வந்து குடும்பத்தைப் பார்த்து, வேலை, ரேஷன் அட்டை, ஊனமுற்றோர் சான்றிதழ் வரைக்கும் அலைபவர் மனநலச் சமூகப் பணியாளர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த உளவியலாளர், சமூகப் பணியாளர் இருவருக்கும் வைத்திருக்கும் அளவுகோல் ஏறக்குறைய ஒன்றுதான்: முதுகலைப் பட்டத்துக்குமேல் எம்.பில்., அதிலும் இரண்டாண்டு முழுநேரமாக மேற்பார்வையின் கீழ் நோயாளிகளோடு பெற்ற பயிற்சி. மேற்பார்வை என்ற சொல்தான் இதில் உயிர். புத்தகத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நோயாளியின் எதிரில் தவறான கேள்வியைக் கேட்டுவிட்டு வெளியே வரும்போது, "ஏன் அப்படிக் கேட்டாய்?" என்று கேட்க மூத்தவர் ஒருவர் இருந்தாரா என்பதுதான் தேர்ச்சி.

மனநலச் செவிலியர்களை யாரும் கேட்பதில்லை. தலைமைக் குழுப் பக்கங்களிலும் அவர்கள் படம் இருப்பதில்லை. இரவு இரண்டு மணிக்கு வார்டில் இருப்பவர் அவர்தான்.

'ஆலோசகர்' என்பது எல்லாரும் தங்கக்கூடிய சத்திரம். அதில் பத்தாண்டு அனுபவமுள்ள அருமையான மனிதர்களும் இருக்கிறார்கள், மூன்று நாள் பயிலரங்கில் சான்றிதழ் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கண்டால் அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: எங்கே படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறீர்கள்?

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தொலைதூரக் கல்வி வழியே எம்.எஸ்சி. உளவியல் முடித்தவர் மருத்துவ உளவியலாளர் ஆவாரா?

இந்தக் கேள்வி எங்கள் மாவட்டத்துக்கே உரியது. சிதம்பரத்திலிருந்து தபாலில் வந்த பாடப்புத்தகக் கட்டுகளால் படித்து முன்னேறிய ஆசிரியர்கள், காவலர்கள், வங்கி ஊழியர்கள் இல்லாத தெரு கடலூரில் குறைவு. அந்தப் பட்டத்தை நான் இளக்காரமாகப் பேசமாட்டேன், என் அண்ணி வாங்கியதும் அதுதான். பள்ளி ஆசிரியையான அவர் வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை அடையாளம் காண அது உதவியது.

ஆனால் அந்தப் பட்டம் மட்டும் ஒருவரை மருத்துவ உளவியலாளர் ஆக்காது. அதற்கு, இத்தகைய படிப்புகளை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்ற படிப்பும், அந்தக் கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் பெயரும் வேண்டும். அந்தப் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இன்னொன்று: 2025 ஜூலை, ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. ஆகவே இனி இந்தக் குழப்பம் புதிதாக முளைக்காது, பழையது மட்டும் சில காலம் இருக்கும்.

'பிஹேவியரல் ஹெல்த்' என்று பலகையில் இருக்கிறது. மனநலம் வேறு, இது வேறா?

அமெரிக்காவில் மனநலத்தையும் குடி, போதைப் பழக்கங்களையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவரும் சொல் இது. நம் ஊரில் பெரும்பாலும் பலகைக்கு மெருகு. ஆனாலும் முழுக்க அந்நியமில்லை. 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் பற்றிய மத்தியச் சட்டத்தில் 'நடத்தைசார் நல அறிவியல்' என்றே ஒரு பிரிவு இருக்கிறது. மருத்துவ உளவியலாளர் அல்லாத உளவியலாளர்கள், மருத்துவமனைச் சமூகப் பணியாளர்கள், எச்.ஐ.வி. ஆலோசகர்கள், குடும்பநல ஆலோசகர்கள் எல்லாரும் அதில் அடங்குகிறார்கள். தமிழில் 'மனநலமும் பழக்க நோய்களும்' என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும். எங்கள் துண்டறிக்கையில் அப்படித்தான் எழுதுகிறேன்.

சித்த மருத்துவர் மனநலச் சிகிச்சை தரலாமா?

சித்தத்தில் 'சிறப்பு மருத்துவம்' பிரிவில் முதுகலை முடித்தவரை 2017 சட்டமே மனநலத் தொழில்முறையாளர் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பட்டம் இல்லாமல் 'பரம்பரை வைத்தியர்' என்று சொல்பவருக்கு அந்த இடம் இல்லை. எந்த முறையினரும் தம் துறைக்கு வெளியே உள்ள மருந்தைப் பரிந்துரைக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் உண்டு.

பதிவை எங்கே சரிபார்ப்பது? மையம் முள்ளோடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறதே.

அந்த எல்லைதான் ஏமாற்றுகிறது. கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் ஏறி முள்ளோடையைத் தாண்டினால் ஆட்சி மாறுகிறது. பெட்ரோல் விலை மாறுவது எல்லாருக்கும் தெரியும். மனநல ஆணையமும் மாறும் என்பது தெரியாது. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு மாநில மனநல ஆணையம், அந்தப் பக்கம் புதுச்சேரியின் ஆணையம். நோயாளியின் வீடு எங்கே என்பது கணக்கில்லை, கட்டடம் எங்கே என்பதுதான் கணக்கு. நோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் எந்த இடமும் அந்தந்த ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். குடி, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைகளையும் சட்டம் மனநோய் வரையறைக்குள் வைத்திருப்பதால் போதை மறுவாழ்வு மையங்களுக்கும் இது பொருந்தும். மருத்துவரின் பெயரை மாநில மருத்துவக் கவுன்சிலிலும், உளவியலாளரின் பெயரை மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டிலும் பார்க்கலாம்.

பதிவுச் சான்றிதழைக் காட்டுங்கள் என்று கேட்டால் நல்ல மையம் கோபித்துக்கொள்ளாது. சென்ற ஆண்டு ஓர் அம்மாவோடு நான் போன ஓரிடத்தில், வரவேற்பில் இருந்த பையன் அரசியல்வாதி ஒருவரோடு நிறுவனர் நிற்கும் புகைப்படத்தைக் காட்டினான். சான்றிதழ் 'சாரிடம் இருக்கிறது, சார் வெளியூரில் இருக்கிறார்'. நாங்கள் பஸ் பிடித்துத் திரும்பிவிட்டோம்.

குடி மறுவாழ்வு மையம் நடத்துபவரே ஒரு காலத்தில் குடித்தவராம். அவரை நம்பலாமா?

நம்பலாம், ஒரு நிபந்தனையோடு.

இந்தத் துறையே அப்படிப்பட்டவர்களால்தான் நிமிர்ந்தது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவர் பங்குச்சந்தைக்காரர், மற்றவர் அறுவை மருத்துவர். இருவருமே குடிநோயாளிகள். அறுவை மருத்துவர் தம் மருத்துவப் படிப்பால் குடியை விடவில்லை, இன்னொரு குடிநோயாளியோடு பேசித்தான் விட்டார். நம் பக்கம் சாந்தி ரங்கநாதன்: கணவரைக் குடியால் இழந்தபின் 1980இல் சென்னையில் குடிநோய்ச் சிகிச்சைக்கென டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். இழப்போடு நிற்காமல், அமெரிக்கா சென்று இதற்கெனப் பயிற்சி பெற்றுத் திரும்பினார்.

என் நிபந்தனை அதுதான். தழும்பு இருப்பவருக்கு வலி தெரியும், ஆனால் தையல் போடவும் தெரியும் என்று சொல்ல முடியாது. நீண்டகாலம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தும்போது வரும் வலிப்பும் மனக்குழப்பமும் உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த முதல் நாட்களில் மருத்துவர் பார்வை கட்டாயம் வேண்டும். நிறுவனர் முன்னாள் குடிநோயாளியாக இருக்கட்டும், ஆனால் மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார், இரவில் யார் இருக்கிறார் என்று கேளுங்கள். 'நானும் குடித்தவன்தான், எனக்குத் தெரியாததா?' என்பது பதிலில்லை. ஆள் அனுப்பி வண்டியில் தூக்கிப்போகிறோம், அடித்துத் திருத்துகிறோம் என்று பெருமையாகச் சொல்லும் இடத்துக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவத்திலும் சட்டம் தடை செய்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியில் இருந்ததால் ஓட முடியாமல் போனவர்கள் உட்பட 28 பேர் இறந்தார்கள். அந்த இரவு நான் செய்தி மேசையில் இருந்தேன். வந்த எண்ணை மூன்று முறை திருத்த வேண்டியிருந்தது.

மருத்துவமோ உளவியலோ படிக்காதவர் மனநல அமைப்புக்குத் தலைவராக இருக்கலாமா?

இருக்கலாம், இருந்திருக்கிறார்கள். 1993இல் சென்னையில், வீடற்று மனநோயோடு திரியும் பெண்களுக்காக 'தி பேனியன்' அமைப்பைத் தொடங்கிய வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் அப்போது இளம்பெண்கள். சமூகப்பணியும் மேலாண்மையும்தான் அவர்களுடைய படிப்புப் பின்னணி. மருத்துவர்களைப் பிறகு அழைத்துக்கொண்டார்கள். இன்னொரு பக்கம், மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் அமைப்பை 1984இல் தொடங்கிய சாரதா மேனன் இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர்.

எனக்குப் பிடித்த கதை லண்டனில் நடந்தது. சாட் வாரா ஒரு பாதிரியார், சிறுவர் படக்கதை இதழுக்கு எழுதியும் சம்பாதித்தவர். 1953இல் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு, சாக நினைப்பவர்கள் கூப்பிடலாம் என்று அறிவித்தார். கூட்டம் வந்தது. அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணைக்கு உட்காரத் தன்னார்வலர்களை வைத்தார். நாளடைவில் பார்த்தால், தேநீர் குடித்துப் பேசிக்கொண்டிருந்த பலர் பாதிரியாரைப் பார்க்காமலே தெளிந்து எழுந்து போனார்கள். அவர் தம் அறிவுரையின் முக்கியத்துவத்தைக் குறைத்துக்கொண்டு, தேநீர்க்காரர்களிடம் வேலையை ஒப்படைத்தார். அவர் தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படித்தான் வளர்ந்தது. 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான 'சிநேகா'வும் தன்னார்வலர்கள் காதுகொடுத்துக் கேட்கும் இடம்தான்.

இதனால்தான் தலைவரின் படிப்பை மட்டும் கேட்பவர்களிடம், தொலைபேசியை எடுப்பவர் யார் என்பதையும் விசாரிக்கச் சொல்கிறேன்.

மனநல அமைப்புக்குச் செய்தித் தொடர்பாளர் எதற்கு? விளம்பரத்துக்கா?

சில இடங்களில் விளம்பரத்துக்குத்தான். என்னைக் கேட்டால், சொற்களைக் காவல் காக்க.

என் பழைய பாவத்தைச் சொல்கிறேன். பரீட்சை முடிவு வந்த வாரத்தில் ஒரு மாணவியின் மரணச் செய்திக்கு நான்தான் தலைப்பு வைத்தேன். எப்படி, எங்கே, எதற்காக என்று மூன்றும் தலைப்பிலேயே இருந்தன. முதல் பக்கம், படத்தோடு. செய்தி ஆசிரியர் பாராட்டினார். இரண்டு நாள் கழித்து அதே ஊர்ப்பக்கத்திலிருந்து அதே மாதிரி இன்னொரு செய்தி வந்தது. என் தலைப்பினால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. வேலையை விட்டதற்கு வீட்டில் வேறு காரணம் சொன்னேன்.

2019 செப்டம்பரில் இந்தியப் பத்திரிகைக் கவுன்சில், உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரைகளைத் தழுவித் தற்கொலைச் செய்திகளுக்கு விதிகள் வெளியிட்டது: இத்தகைய செய்தியைப் பளிச்சென்று வைக்காதே, திரும்பத் திரும்பப் போடாதே, முறையை விவரிக்காதே, இடத்தைக் குறிக்காதே, தலைப்பில் பரபரப்பு வேண்டாம், படம் வேண்டாம். ஒரு செய்தித் தொடர்பாளருக்கு இதழியல் பட்டம் இருக்கிறதா, சமூகப்பணிப் பட்டம் இருக்கிறதா என்பதைவிட இந்த விதிகள் கைவிரலில் இருக்கின்றனவா என்பதைப் பார்ப்பேன். புதுவைப் பல்கலைக்கழகத்தில் தகவல் தொடர்புத் துறையும் உளவியல் துறையும் சமூகப்பணித் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. 'புதுவை வாணி' என்று ஒரு சமுதாய வானொலியும் உண்டு. அங்கே படிக்கும் பிள்ளைகள் துறை தாண்டிப்போய் ஒரு தேநீர் குடித்தாலே இந்த வேலைக்குப் பாதி தயார்.

தேவை இல்லாமல் இதைச் சொல்லவில்லை. 2015இல் தற்கொலை விகிதத்தில் நாட்டிலேயே முதலிடம் புதுச்சேரிக்கு: லட்சம் பேருக்கு 43.2. அகில இந்திய அளவு 10.6.

சாதாரணச் சொல்லும் காயப்படுத்தும். 1794இல் தோன்றிய சென்னை மனநலக் காப்பகம் கீழ்ப்பாக்கத்தில் இருப்பதால், ஒரு பேட்டையின் பெயரையே நாம் வசைச்சொல் ஆக்கிவிட்டோம். 'குடிகாரன்' என்று எழுதும் இடத்தில் 'குடிநோயாளி' என்று எழுதினால், படிக்கும் மனைவிக்கு அடுத்து எங்கே போக வேண்டும் என்று தோன்றுகிறது. முந்தைய சொல்லில் அவருக்குத் தலைகுனிவு மட்டும்தான்.

என் மகன் குணமாகிவிட்டான். அவன் படத்தையும் கதையையும் போடலாமா என்று மையம் கேட்கிறது.

மகனைக் கேளுங்கள். மையத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தையோ விவரத்தையோ அவர் ஒப்புதல் இல்லாமல் ஊடகத்துக்குத் தரக் கூடாது என்று 2017 சட்டம் சொல்கிறது. இங்கே அப்பா கையெழுத்துப் போட்டு முடிக்கிற காரியம் இல்லை. அவன் சரி என்றாலும், நாளைக்கு பெண் பார்க்கப் போகும் வீட்டிலும் வேலைக்கு மனுப் போடும் அலுவலகத்திலும் இது கண்ணில் படும் என்பதை அவனிடம் எடுத்துச் சொன்னார்களா என்று பாருங்கள். சொல்லாமல் வாங்கிய ஒப்புதலை நான் ஒப்புதலாக எண்ணுவதில்லை.

பேரிடர் வந்தால் வெளியூர் 'நிபுணர்கள்' கூட்டமாக வருகிறார்களே, அவர்களால் பயன் உண்டா?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் தேவனாம்பட்டினத்தில் அதைப் பார்த்தேன். ஒரே வாரத்தில் நான்கு குழுக்கள் ஒரே அம்மாவிடம் போய், "உங்கள் மகளை அலை எப்படி இழுத்தது?" என்று கேட்டன. நால்வருக்கும் அவர் சொன்னார். ஐந்தாவதாகப் போனவன் நான், நோட்டுப் புத்தகத்தோடு. அவர் என்னைப் பார்த்து, "தம்பி, நீயும் கேட்கப் போகிறாயா?" என்றார். நடந்ததை வற்புறுத்திச் சொல்லவைப்பது ஆற்றாது என்பதை உலகச் சுகாதார நிறுவனமும் பின்னாளில் எழுதிவைத்தது. கூரை, சோறு, தொலைந்தவரைத் தேட உதவி, பக்கத்தில் பேசாமல் உட்கார ஓர் ஆள்: முதல் நாட்களின் மனநலச் சேவை இவ்வளவுதான். 'தானே' புயலிலும் 2015 வெள்ளத்திலும் 2024 ஃபெஞ்சல் புயலிலும் முதலில் கதவைத் தட்டியவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள்.

ஆனால் வெளியூர்க்காரர் எல்லாரும் அப்படி இல்லை. லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவும் காட்டுமன்னார்கோவில் வட்டத்துக் கிராமங்களுக்கு வந்தபோது அறிவுரை சொல்லவில்லை. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், பொது இடத்தில் பூட்டுள்ள பெட்டகங்களில் வைக்க ஏற்பாடு செய்தார்கள். ஆத்திரம் பிடித்த நிமிடத்துக்கும் கைக்கெட்டும் தூரத்துக்கும் நடுவே ஒரு சாவி. அந்த ஆய்வு 2013இல் வெளியானது. மனநல மருத்துவர் ஒருவர் மருந்துச் சீட்டுக்குப் பதில் பெட்டகத்தைக் கையில் எடுத்தது எங்கள் மாவட்டத்தில் நடந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

மகள் இந்தத் துறைக்கு வர விரும்புகிறாள். எது படிக்கலாம்?

அறிவியல் பிரிவு எடுத்து நீட் எழுதத் தயார் என்றால் மருத்துவம், இல்லையென்றால் உளவியல், சமூகப்பணி, செவிலியம். எம்.பில். முறை நாடெங்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளால் முடிவுக்கு வந்து, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்புத் தரப்பட்டது. ஆகவே சேரும் முன் அந்தப் படிப்புக்கு மறுவாழ்வுக் கவுன்சிலின் ஏற்பு அந்த ஆண்டில் இருக்கிறதா என்று கல்லூரியைக் கேட்காமல் கவுன்சிலின் பட்டியலைப் பாருங்கள்.

இவ்வளவு படிக்க நேரமில்லை. வீட்டில் ஒருவர் இப்போதே பேச வேண்டிய நிலையில் இருக்கிறார்.

14416. மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. இரவு பகல் எப்போதும், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், எல்லைக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் அதே எண். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108. பக்கத்தில் இருப்பது ஜிப்மரா, கடலூர் அரசு மருத்துவமனையா என்று யோசித்துக்கொண்டு நிற்க வேண்டாம், எது அருகில் இருக்கிறதோ அங்கே. போகும்வரை அவரைத் தனியே விடாதீர்கள். மருத்துவரின் பட்டத்தை மறுநாள் சரிபார்த்துக்கொள்ளலாம்.